பெருந்தளத்தில் சேர்வதா, ஒதுங்கி நிற்பதா: சிறு கடைக்காரர் முன் உள்ள நான்கு வழிகள்

வழக்கமாக வருபவர் கடைக்குள் நுழைந்து பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், இரண்டு மூன்று சந்தேகங்களைக் கேட்டுத் தெளிகிறார், பிறகு கைபேசியில் அதே பொருளின் விலையைத் தேடிவிட்டு "அப்புறம் வருகிறேன்" என்று சொல்லிப் போய்விடுகிறார். சிறிய கடை நடத்துபவர்கள் அனைவருக்கும் இந்தக் காட்சி பழகிவிட்டது. அதன் பின்னால் எழும் கேள்வியும் எங்கும் ஒன்றுதான். பெரிய ஆன்லைன் தளத்திலேயே நாமும் ஒரு விற்பனையாளராகச் சேர்ந்துவிடலாமா, சொந்தமாக இணையதளம் தொடங்கலாமா, பிற கடைகளோடு கூட்டுச் சேரலாமா, அல்லது கடையை மட்டும் நம்பி அதை மாற்றியமைக்கலாமா? இந்த நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் எடைபோட்டுப் பார்க்க இந்தக் கட்டுரை முயல்கிறது.

அதற்கு முன் எதிரே நிற்பது யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1995 ஜூலையில் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான், 2000 நவம்பரில் வெளி விற்பனையாளர்களும் தன் பக்கங்களில் சரக்கு விற்க இடம் கொடுத்தது. இன்று அங்கே விற்பனையாகும் பொருள்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட வெளி விற்பனையாளர்களுடையவை. ஆகவே அந்தத் தளம் சிறு வணிகருக்கு வெறும் போட்டியாளர் அல்ல. அதுவே கடைவீதி, அதுவே வாடகை வசூலிப்பவர், அதே வீதியில் எதிர்க்கடை வைத்திருப்பவரும் அதுவே. இந்த மூன்று வேடங்களும் ஒருவரிடமே இருப்பதுதான் கணக்கைச் சிக்கலாக்குகிறது.

## அளவுகோல்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது விற்பனைத் தொகையை. அது தவறான தொடக்கம். பார்க்க வேண்டியது நான்கு. முதலாவது, ஒரு பொருள் விற்ற பிறகு எல்லாச் செலவும் போகக் கையில் நிற்கும் தொகை. இரண்டாவது, வாங்கியவரின் பெயர், தொடர்பு, அவர் என்ன வாங்குவார் என்ற அறிவு ஆகியவை யாரிடம் தங்குகின்றன என்பது. மூன்றாவது, கடைக்காரரின் நேரம். தனி ஆளாக நடத்தும் கடையில் மாலை இரண்டு மணி நேரம் பொதி கட்டுவதில் போனால், அந்த இரண்டு மணி நேரத்தில் வந்தவரைக் கவனிக்க ஆள் இருக்காது. நான்காவது, இந்த வழி சரிப்படவில்லை என்று தெரிந்தால் எவ்வளவு இழப்போடு வெளியேற முடியும் என்பது.

இந்த நான்கிற்கும் முன்னே வைக்க வேண்டிய ஒன்று உண்டு. கடையில் இருக்கும் சரக்கு இரண்டு வகைப்படும். ஒன்று, வாங்குபவர் பெயர் சொல்லிக் கேட்பது: குறிப்பிட்ட நிறுவனம், குறிப்பிட்ட மாதிரி எண், குறிப்பிட்ட புத்தகத் தலைப்பு. மற்றொன்று, தேவையைச் சொல்லிக் கேட்பது: "ஒழுகும் இந்தக் குழாய்க்கு எது பொருந்தும்", "பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன படிக்கக் கொடுக்கலாம்". பெயர் சொல்லிக் கேட்கும் பொருளுக்குத் தேடுபொறியும் விலைப்பட்டியலும் போதும். அங்கே விலையில் பெருந்தளத்தை வெல்வது சிறு கடையால் ஏறக்குறைய முடியாது. தேவையைச் சொல்லிக் கேட்கும் பொருளில் விற்பனையாவது பொருளும் ஆலோசனையும் சேர்ந்த ஒன்று. ஒரே கடையில் இரண்டும் கலந்திருப்பதால், "கடைக்கு எது நல்லது" என்று கேட்பதைவிட "எந்தச் சரக்கிற்கு எது நல்லது" என்று கேட்பதே பயன் தரும்.

## முதல் வழி: பெருந்தளத்தில் விற்பனையாளராகச் சேர்தல்

இதன் கவர்ச்சி வெளிப்படையானது. தெருவில் நூறு பேர் கடக்கும் கடைக்கு, கோடிக்கணக்கானோர் தேடும் பக்கத்தில் ஓர் இடம் கிடைக்கிறது. பணம் வாங்கும் ஏற்பாடு, புகார் கேட்கும் ஏற்பாடு, விரும்பினால் கிடங்கும் டெலிவரியும்கூடத் தளத்திடமே உண்டு. அமேசான் தன் கிடங்கிலிருந்து பிறர் சரக்கை அனுப்பித் தரும் சேவையை 2006 முதல் நடத்துகிறது.

இனிச் செலவு. பெரும்பாலான வகைகளில் கமிஷன் விற்பனை விலையில் 8 முதல் 15 சதவீதம் வரை போகும். கற்பனையான ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விற்பனை விலை 100, கொள்முதல் 72 என்றால் கடையில் விற்கும்போது 28 மிஞ்சும். தளத்தில் விற்றால் கமிஷன் 15, பொதி கட்டி அனுப்ப 8 போக, மிஞ்சுவது 5. இப்போது இருபதில் ஒன்று திரும்பி வருகிறது என்று வையுங்கள். விற்று நின்ற பத்தொன்பதில் கிடைத்தது 95. திரும்பிய ஒன்றுக்குப் போக 8, வர 8, பிரித்த பொருளைப் புதிது என்று விற்க முடியாததால் 20 என்று 36 இழப்பு. இருபதுக்கும் சேர்த்து மிச்சம் 59. தேடல் முடிவில் மேலே வருவதற்காக ஒரு பொருளுக்குச் சராசரி 3 விளம்பரத்திற்குக் கொடுத்தால் அது 60. இருபது பொருள் விற்றும் கணக்கு ஒன்று குறைவாக முடிகிறது. விற்பனைத் தொகை என்னவோ 1,900.

இந்தக் கணக்கில் உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கமிஷன் 8 ஆனால் படமே மாறிவிடும். ஆனால் ரிட்டர்னையும் விளம்பரத்தையும் சேர்க்காமல் போடும் எந்தக் கணக்கும் பொய்க்கணக்கு என்பது மாறாது. விதிகளும் இதில் பங்கு வகிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொலைவிலிருந்து வாங்கும் பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமை வாங்குபவருக்குச் சட்டப்படி உண்டு. கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை. அதாவது அதே பொருள், அதே விற்பனையாளர், விற்கும் இடம் மாறியதால் மட்டும் ஒரு புதிய செலவு பிறக்கிறது.

மறைந்திருக்கும் பெரிய செலவு இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. தளத்தில் வாங்குபவர் தளத்தின் வாடிக்கையாளர். விற்பனையாளரின் பெயரை அவர் கவனிப்பதே இல்லை. ஒரே பொருளைப் பத்துப் பேர் விற்கும்போது எந்த விற்பனையாளரின் சரக்கு முதலில் நிற்க வேண்டும் என்பதைத் தளத்தின் கணிப்பு முறை தீர்மானிக்கிறது. எது நன்றாக விற்கிறது என்ற தகவலும் தளத்திடமே சேர்கிறது. இது வெறும் சந்தேகம் என்று ஒதுக்க முடியாது. ஐரோப்பிய ஆணையம் நடத்திய விசாரணையை முடித்துக்கொள்ள, வெளி விற்பனையாளர்களின் பொதுவில் இல்லாத தரவுகளைத் தன் சொந்தச் சில்லறை வணிகத்திற்குப் பயன்படுத்துவதில்லை என்று 2022 டிசம்பரில் அமேசான் உறுதி கொடுத்தது. அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையமும் 17 மாநிலங்களும் 2023 செப்டம்பரில் தொடுத்த வழக்கில், வேறு இடத்தில் விலை குறைத்து விற்கும் விற்பனையாளர்களின் பொருளைத் தேடலில் பின்னுக்குத் தள்ளுகிறது என்ற குற்றச்சாட்டு உண்டு. அந்த நிறுவனம் அதை மறுக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும், சொந்தக் கடையில் என்ன விலைக்கு விற்கலாம் என்று யோசிக்கும்போதுகூடத் தளத்தின் முகம் நினைவுக்கு வரும் நிலை சிறு வணிகருக்கு நல்லதல்ல.

வெளியேறுவது எவ்வளவு கடினம் என்பதற்குப் பெரிய நிறுவனங்களின் கதைகளே சான்று. பொம்மைக் கடைச் சங்கிலியான டாய்ஸ் ஆர் அஸ் 2000-இல் அமேசானோடு 10 ஆண்டு ஒப்பந்தம் செய்து, தன் ஆன்லைன் விற்பனையை அங்கே வைத்தது. பொம்மை வகையில் தனக்கு இருக்க வேண்டிய தனியுரிமை பிற விற்பனையாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டதாக 2004-இல் வழக்குத் தொடுத்தது. 2006-இல் நீதிமன்றம் ஒப்பந்தத்திலிருந்து விலக அனுமதித்தது. 2009-இல் 51 மில்லியன் டாலர் சமரசத் தொகையும் கிடைத்தது. வழக்கில் வென்றது, ஆனால் சொந்தத் தளத்தை வளர்த்திருக்க வேண்டிய ஆண்டுகள் போய்விட்டன. புத்தகக் கடைச் சங்கிலியான பார்டர்ஸ் 2001-இல் தன் ஆன்லைன் விற்பனையை அமேசானிடம் ஒப்படைத்தது, 2008-இல்தான் சொந்தத் தளம் திறந்தது, 2011-இல் கடைகளை மூடியது. இரண்டின் வீழ்ச்சிக்கும் கடன் சுமை உட்பட வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. என்றாலும் வழக்கறிஞர் படையோடு இருந்தவர்களே வெளியேற இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத் தனிக் கடைக்காரர் மறக்கக் கூடாது.

கணக்கு திடீரென்று முடக்கப்படும் ஆபத்தும் உண்டு. ஒரு போலிப் புகார், ஓர் ஆவணக் குறை, தானியங்கி முறையின் ஒரு தவறு போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒருவரின் கணக்கை முழுமையாக நீக்குவதற்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன் காரணத்தோடு அறிவிக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. அத்தகைய விதி இல்லாத இடத்தில், மாதக் கடைசியில் கடை வாடகைக்கு எதிர்பார்த்திருந்த பணம் தளத்தில் தேங்கி நிற்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்த வழி சரியாக அமையும் சூழல்கள் உண்டு. தேங்கிய சரக்கைக் கரைப்பதற்கு இது நல்ல வழி. வாடகை எப்படியும் கொடுத்தாகிவிட்டது, பொருளுக்கு 5 கிடைத்தாலும் அலமாரி காலியாகும். எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சிலர் மட்டுமே தேடும் அரிய உதிரிப் பாகம், பழைய பதிப்பு போன்றவற்றிற்கும் இது பொருந்தும். போட்டி விற்பனையாளர் இல்லாததால் விலையை நீங்களே வைக்கலாம். தாமே தயாரித்துத் தம் பெயரில் விற்பவர்களுக்கும் ஓரளவு பொருந்தும். மற்றவர் பெயரில் வரும், எல்லோரிடமும் கிடைக்கும் சரக்கை அங்கே கொண்டுபோய் வைப்பது, ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தை எதிராளியின் மைதானத்திற்கு மாற்றுவது போன்றது.

## இரண்டாம் வழி: சொந்த இணையதளம்

இங்கே கமிஷன் இல்லை. பணம் வாங்கித் தரும் சேவைக்குச் சில சதவீதம் மட்டுமே போகும். வாங்குபவரின் பெயரும் தொடர்பும் உங்களிடமே தங்கும். ஷாப்பிஃபை போன்ற ஆயத்தக் கட்டமைப்புகள் வந்த பிறகு தளம் அமைப்பதும் பெரிய வேலை அல்ல. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் தளம் கட்டுவதல்ல, ஆளைக் கொண்டுவருவதுதான் செலவு. நடுக்காட்டில் கடை திறந்தாற்போல, யாரும் வராத தளத்திற்கு ஆள் வர விளம்பரம் கொடுக்க வேண்டும். அந்த விளம்பரத்தை விற்பவையும் கூகுள், மெட்டா போன்ற பெருநிறுவனங்களே. வந்தவர்களும் எல்லோரும் வாங்குவதில்லை. ஆன்லைன் கூடையில் பொருள் போட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் பணம் கட்டாமலே போய்விடுகிறார்கள் என்று பேமார்ட் ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பு காட்டுகிறது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. தளத்தில் காட்டும் ஸ்டாக்கும் அலமாரியில் இருக்கும் ஸ்டாக்கும் ஒத்துப்போக வேண்டும். கடையில் கடைசிப் பொருளை விற்றுவிட்டுத் தளத்தில் நீக்க மறந்தால், இரவில் ஒருவர் அதற்குப் பணம் கட்டியிருப்பார். படம் எடுப்பது, விவரம் எழுதுவது, விலை மாற்றுவது எல்லாம் ஒவ்வொரு பொருளுக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. ஆயிரம் வகைச் சரக்கு வைத்திருப்பவர் எல்லாவற்றையும் ஏற்ற முயன்று பாதியில் விட்டுவிடுவார். ஐம்பது பொருளை மட்டும் ஏற்றி அவற்றைச் செம்மையாகப் பராமரிப்பவருக்கே இந்த வழி பலிக்கிறது.

எனவே இது யாருக்கு? ஏற்கெனவே தொடர்ந்து வரும் வாடிக்கையாளர் வட்டம் உள்ளவருக்கு, அவர்கள் ஊர் மாறிப் போன பிறகும் கேட்டு வாங்கும் சரக்கு உள்ளவருக்கு. புதிய ஆளைப் பிடிக்கும் வலையாக நினைத்துத் தொடங்கினால் ஏமாற்றம்தான். இருக்கும் ஆளை இழக்காமல் வைத்துக்கொள்ளும் கருவியாக நினைத்தால் செலவும் குறைவு, பலனும் உண்டு. தொலைபேசிச் செய்தியில் ஆர்டர் வாங்கி, கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வதும் இதன் எளிய வடிவமே. டெலிவரியும் ரிட்டர்னும் அதில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

## மூன்றாம் வழி: கூட்டுத் தளம்

பல சிறு கடைகள் சேர்ந்து ஒரே தளத்தின் வழியாக விற்பது. புத்தக வணிகத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கிய புக்‌ஷாப் தளத்தில், ஒரு கடையின் பக்கம் வழியாக நடக்கும் விற்பனைக்கு அட்டை விலையில் 30 சதவீதம் அந்தக் கடைக்குப் போகிறது. சரக்கு வைப்பது, பொதி கட்டுவது, அனுப்புவது எதுவும் கடையின் பொறுப்பல்ல. மொத்த விநியோகஸ்தரே அனுப்பிவிடுகிறார். தொடங்கிய சில வாரங்களிலேயே பெருந்தொற்றுக் கால அடைப்பு வந்ததால், மூடிய கடைகள் பலவற்றிற்கு அது கைகொடுத்தது.

இதன் வலிமையே இதன் எல்லையும். புத்தகத்திற்கு உலகம் முழுதும் ஒரே எண் முறை, அச்சிட்ட விலை, பெரிய விநியோகஸ்தர் எல்லாம் இருப்பதால் இது சாத்தியமாயிற்று. ஒவ்வொரு கடையும் தன் கிடங்கிலிருந்து தானே அனுப்ப வேண்டிய சரக்கில், ஒருவர் தாமதித்தால் எல்லோர் பெயரும் கெடும். யார் முன்பக்கத்தில் நிற்பது என்ற சச்சரவும் வரும். உங்கள் வணிகத்திற்கு ஏற்கெனவே நடக்கும் கூட்டு அமைப்பு இருந்தால் சேருங்கள், இழப்பதற்கு அதிகம் இல்லை. நீங்களே புதிதாகத் தொடங்குவதென்றால், அது கடை நடத்துவதோடு இன்னொரு முழுநேர வேலை.

## நான்காம் வழி: கடையையே கூர்மையாக்குதல்

"ஒன்றும் செய்யாமல் இருப்பது" என்பதும் இதுவும் வேறு வேறு. இங்கே செய்ய வேண்டியது, பெயர் சொல்லிக் கேட்கும் சரக்கைக் குறைத்து, தேவை சொல்லிக் கேட்கும் சரக்கைக் கூட்டுவது. விற்றபின் பொருத்தித் தருவது, பழுது பார்ப்பது, அளவெடுத்துக் கொடுப்பது போன்ற சேவைகளுக்குத் தனியாகப் பணம் வாங்குவது. கடைசிச் சொற்றொடரில்தான் பலர் தயங்குகிறார்கள். ஆலோசனையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதன் செலவைப் பொருளின் விலையில் மீட்கும் பழைய முறை, பார்ப்பது இங்கே வாங்குவது அங்கே என்றானபின் ஓட்டைப் பானையாகிவிட்டது.

பெயர் சொல்லும் சரக்கில் விலையைச் சமன் செய்து போராடலாமே என்று கேட்கலாம். அமெரிக்க மின்னணுக் கடைச் சங்கிலியான பெஸ்ட் பை 2013-இல் ஆன்லைன் விலைக்கே தருவோம் என்று நிரந்தரமாக அறிவித்து மீண்டெழுந்தது உண்மை. ஆனால் அது பெருங்கொள்முதல் செய்யும் நிறுவனம். தயாரிப்பாளர்கள் தங்கள் காட்சியகங்களை அதன் கடைகளுக்குள் தங்கள் செலவில் வைத்தார்கள். அந்தத் தாங்கு சக்தி சிறு கடைக்கு இல்லை.

சிறு கடைக்குப் பொருந்தும் சான்று, முதல் அடி வாங்கிய புத்தக வணிகத்திலேயே கிடைக்கிறது. அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கத்தின் கணக்குப்படி 2009-இல் 1,651 ஆக இருந்த தனிப் புத்தகக் கடைகள் 2015-இல் 2,227 ஆயின. இதை ஆராய்ந்த ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ரயன் ராஃபெல்லி மூன்று காரணங்களைச் சொல்கிறார்: சுற்றியுள்ள சமூகத்தோடு உறவு, தேர்ந்தெடுத்து வைத்த சரக்கு, ஆள்களைக் கூட்டும் நிகழ்ச்சிகள். எல்லாத் தலைப்பும் வைக்கும் போட்டியை அந்தக் கடைகள் கைவிட்டன.

இந்த வழியின் மறைமுகச் செலவு ஆள் செலவு. விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் இது நடக்காது. அவர் விலகினால் கடையின் பாதி அவரோடு போய்விடும். தெருவில் ஆள் நடமாட்டமே குறைந்துவிட்டால் எவ்வளவு கூர்மையான கடையும் காத்திருக்க மட்டுமே முடியும் என்பது மற்றொரு எல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | பெருந்தளம் | சொந்தத் தளம் | கூட்டுத் தளம் | கூர்மையான கடை |
|---|---|---|---|---|
| கையில் நிற்பது | குறைவு. ரிட்டர்ன் கூடினால் இழப்பு | விளம்பரம் இல்லையேல் நன்று | நடுத்தரம் | அதிகம். ஆள் செலவு உண்டு |
| வாடிக்கையாளர் யாரிடம் | தளத்திடம் | கடையிடம் | பெரும்பாலும் பகிர்வு | கடையிடம் |
| கடைக்காரரின் நேரம் | கிடங்குச் சேவை இல்லையேல் அதிகம் | அதிகம், முடிவில்லாதது | மிகக் குறைவு | அதிகம், ஆனால் கடைக்குள்ளேயே |
| வெளியேறும் வசதி | பழகிவிட்டால் கடினம் | எளிது | எளிது | சரக்கு மாற்றக் காலம் ஆகும் |
| பொருந்தும் சரக்கு | தேங்கியது, அரியது | திரும்பத் திரும்ப வாங்குவது | எண் முறை உள்ளது | ஆலோசனை தேவைப்படுவது |

## சட்டம் காப்பாற்றுமா?

சிலர் முடிவைத் தள்ளிப்போட்டு அரசின் விதிகளுக்காகக் காத்திருக்கிறார்கள். விதிகள் வருகின்றன, ஆனால் வரும் வேகம் கடை வாடகையின் வேகம் அல்ல. அமெரிக்காவில் வெளிமாநில ஆன்லைன் விற்பனையாளரிடம் மாநிலங்கள் விற்பனை வரி வசூலிக்க முடியாது என்ற 1992-ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2018-இல்தான் மாற்றப்பட்டது. இடைப்பட்ட 26 ஆண்டுகளில் வரி வசூலித்த தெருக்கடை அந்த அளவுக்கு விலை கூடியதாகவே தெரிந்தது. பிரான்சில் புத்தகத்திற்குத் தள்ளுபடியோடு இலவச டெலிவரி கொடுக்கக் கூடாது என்று 2014-இல் சட்டம் வந்ததும், அமேசான் டெலிவரிக் கட்டணத்தை ஒரு சென்ட் ஆக்கியது. 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ வாங்க வேண்டும் என்ற திருத்தம் நடைமுறைக்கு வர 2023 அக்டோபர் ஆயிற்று. இடையில் 9 ஆண்டுகள்.

## தீர்மானிக்கும் முறை

கடந்த மூன்று மாத விற்பனைச் சீட்டுகளை எடுத்து, ஒவ்வொரு பொருளின் எதிரிலும் அது பெயர் சொல்லிக் கேட்டு விற்றதா, தேவை சொல்லிக் கேட்டு விற்றதா என்று குறியுங்கள். நினைவில் இல்லையென்றால் அடுத்த ஒரு மாதம் கல்லாப்பெட்டி அருகே ஒரு நோட்டு வைத்து எழுதுங்கள். தொகையைக் கூட்டாமல், கையில் நின்ற லாபத்தைக் கூட்டுங்கள்.

லாபத்தில் பெரும்பகுதி தேவை சொல்லும் சரக்கிலிருந்து வந்தால், நான்காம் வழியே முதன்மையாக இருக்கட்டும். சொந்தத் தளம் அதற்குத் துணையாகச் சிறிய அளவில் போதும், பெருந்தளத்தைத் தேக்கம் கரைக்க மட்டும் பயன்படுத்தலாம். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால், பெயர் சொல்லும் சரக்கின் கொள்முதலை ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பங்கு குறைத்து, அந்தப் பணத்தை மறுபக்கம் திருப்புங்கள். ஒரேயடியாக மாற்றினால் வழக்கமாக வருபவரும் குழம்பிப் போவார். பெருந்தளத்தில் சேர்வதாக இருந்தால், அதன் வழி வரும் வருமானம் நின்றாலும் கடை வாடகை கட்ட முடியும் என்ற அளவைத் தாண்ட விடாதீர்கள். என் கணிப்பில், மொத்த லாபத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினாலே எச்சரிக்கை தேவை.

லாபத்தில் பெரும்பகுதி பெயர் சொல்லும் சரக்கிலிருந்தே வருகிறது, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு இளைக்கிறது என்றால், மேலே சொன்ன நான்கில் எதைத் தேர்ந்தாலும் அது காலத்தை நீட்டிக்கும், நிலைமையை மாற்றாது. அப்போது எடுத்துப் பார்க்க வேண்டியது வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியை. அந்தத் தேதிக்கு முன் சரக்கை எந்தத் தொழிலின் பக்கம் திருப்ப முடியும், அல்லது கையிருப்புக் கரையாமல் எப்படி முடித்துக்கொள்ள முடியும் என்பதைக் கணக்கிட, கடன் இல்லாத நிலையில் இன்னும் சில மாதங்கள் கையில் இருப்பதே அந்தக் கடைக்காரருக்கு மிஞ்சியிருக்கும் பெரிய வசதி.